பொட்டலம் மாறி வந்த வாடாமல்லி

மாஸ்கோவுக்கு வெளியே, பயிற்சி முகாம்
2023 ஆகஸ்ட் 20

அன்புள்ள நர்மாயா,

நீயும் நம் ஸ்மிர்தியும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? என்னைப் பற்றிக் கவலையே வேண்டாம். மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டுக் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

வந்த அன்றே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் பழைய காலத்து ஆள் போலத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். நம் பேனி பஜார் கேம்ராஜ் மாஸ்கோவில் ஓட்டல் சமையல்காரனாக இருக்கிறான் இல்லையா, இங்கே ரொட்டி கொண்டுவரும் வண்டிக்காரர் இதை அவனிடம் சேர்ப்பார். அவன் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். நீயும் தாளில் எழுதி, படமெடுத்து அவனுக்கு அனுப்பு. அச்செடுத்து ரொட்டி வண்டியில் ஏற்றிவிடுவான்.

இந்த முகாமை நீ பார்க்க வேண்டுமே! ஹெல்மெட், குண்டு துளைக்காத அங்கி, முழங்கால் பட்டை, இருட்டிலும் பூனைபோலப் பார்க்க ஒரு கண்ணாடி, எல்லாம் புதுசு. பாராசூட்டில் குதிக்கிற நீலத் தொப்பிக்காரர்களோடு சேர்த்து எங்களுக்கும் பயிற்சி. இந்த நாட்டிலேயே அவர்கள்தான் பெரிய கை. முன்வரிசைக்கு எங்களை அனுப்ப மாட்டார்கள். பின்னால் கிடங்குக் காவல் மட்டும்தான்.

உன் தம்பி ஹிராவிடம் சொல். நெற்றிப்பட்டையில் கல்கூடையை மாட்டிக்கொண்டு மலையேறி ஓடு என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பிரிட்டிஷ்காரன் பட்டாளத் தேர்வில் மூன்று தடவை துரத்திவிட்ட உன் புருஷனை இந்த ருஷ்யர்கள் கைகுலுக்கிச் சேர்த்துக்கொண்டார்கள். இனி உன்னை எல்லாரும் லாகூரே பெண்சாதி என்றுதான் கூப்பிட வேண்டும். அந்நியப் பட்டாளத்துக்குப் போனவன் வீட்டுக்கு நம் பக்கத்தில் என்ன மரியாதை என்று உனக்கே தெரியும்.

குழந்தைக்கு என் முத்தங்கள்.

உன்
ஓம்ஜங்


பேனி
2023 செப்டம்பர் 9

ஸ்மிர்தி அப்பாவுக்கு,

வணக்கம். நானும் குழந்தையும் சுகம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் வாசல் கதவு திறந்த மாதிரி இருக்கிறது. உங்கள் சுகத்தை நீங்கள் எழுதியபடியே நம்புகிறேன். நம்பாமல் வேறு என்ன செய்ய?

கடிதத்தை ஜீப் கவுன்ட்டரில் உட்கார்ந்தே படித்தேன். டிக்கெட் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று, "லாகூரே பொண்டாட்டி இன்னிக்கு டிக்கெட் குடுக்குமா குடுக்காதா?" என்று கத்தினார்கள். அந்த ஒரு நாள் கர்வமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஹிரா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கடையில் அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். போகராவில் நடந்த பிரிட்டிஷ் பட்டாளத் தேர்வில் அவன் எட்டு விநாடியில் தோற்றதும், இந்த வருஷத்தோடு வயசு தாண்டிவிட்டதும் உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து சோறு இறங்காமல் கிடந்தவன், இப்போது காலையில் எழுந்து ஓடுகிறான். "அக்கா, இருட்டுல பாக்குற கண்ணாடியாம்! நீலத் தொப்பிக்காரங்களாம்! மச்சானுக்கு அடிச்ச யோகத்தப் பாத்தியா?" என்று ஒரே பாட்டு.

எனக்குத்தான் ஒன்று புரியவில்லை. கிடங்குக்குக் காவல் நிற்கிறவருக்கு எதற்கு இருட்டில் பார்க்கிற கண்ணாடி? பதில் எழுதுங்கள். எப்போது அனுப்புகிறார்கள், எந்த ஊர், எத்தனை பேர், எல்லாம் எழுதுங்கள். எழுதாமல் விட்டதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
நர்மாயா


2023 அக்டோபர் 6

அன்புள்ள நர்மாயா,

நலம். நீங்கள் நலமா?

வேலை இருந்ததால் எழுத முடியவில்லை. இப்போது மறுபடியும் முகாமுக்கு வந்துவிட்டேன். குளிரில் விரல் மரத்துப்போகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

ஹிராவிடம் இங்கே வருகிற எண்ணத்தை விடச் சொல். இங்கே ஆள் எடுப்பதை நிறுத்தப் போகிறார்கள். குளிரும் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. கம்பளிக் காலுறை கிடைத்தால் அனுப்பு. ஸ்மிர்தி விழுந்த பல்லை வைத்திருக்கிறாளா, எறிந்துவிட்டாளா?

ஓம்ஜங்


பேனி
2023 அக்டோபர் 28

ஸ்மிர்தி அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். தசைன் பண்டிகை வந்தது, போயிற்று. பெரியவர்கள் நெற்றியில் அட்சதை வைத்து ஆசி சொல்லும்போது உங்கள் பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை ஸ்மிர்தியிடம் காட்டினேன். "அம்மா, இது அப்பா எழுத்து இல்ல, என் எழுத்து மாதிரி இருக்கு" என்றாள். எழுத்தெல்லாம் இடதுபக்கம் சாய்ந்து விழுகிறது. குளிர் என்றால் நடுங்கும், சாயுமா? நீங்கள்தான் எழுதினீர்களா? கையில் என்ன?

இங்கிருந்து ஒரு பையன் படிப்பு விசாவில் மாஸ்கோ வருகிறான். என்ன படிப்போ, அவனுக்கே தெரியவில்லை. அவனிடம் கம்பளிக் காலுறை மூன்று ஜோடியும் மிளகாய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன். கேம்ராஜ் சேர்ப்பிப்பான்.

ஹிரா காட்மாண்டுவில் இருக்கிறான். ஏதோ மின்சார வேலை கற்கிறானாம். அவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் கையைப் பற்றி எழுதுங்கள்.

இப்படிக்கு
நர்மாயா


முகாம்
2023 நவம்பர் 13

நர்மாயா,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

பை வந்தது. கேம்ராஜ் வேலைக்குப் போன நேரத்தில் அவன் அறைத்தோழன் எடுத்து, இருந்ததை இருந்தபடியே ரொட்டி வண்டியில் ஏற்றிவிட்டான். உள்ளே ஒன்றல்ல, இரண்டு பொட்டலம். ஒன்றில் காலுறையும் ஊறுகாயும். இன்னொன்றில் வாடாமல்லி மாலை, ஒரு வாதுமைக்கொட்டை, ஏழு நிறப் பொடி.

பாய்டீக்காவுக்கு இரண்டு நாள் இருக்கிறது. அன்றைக்கு அக்கா தங்கை கூடப்பிறந்தவன் கழுத்தில் போடுகிற மாலை இது. எமன் அவனை நெருங்கக் கூடாது என்று போடுவது. எந்தப் பெண்டாட்டியும் இதைப் புருஷனுக்கு அனுப்ப மாட்டாள். உனக்கு இருப்பது ஒரே தம்பி.

ஹிரா எங்கே?

இனி நானும் மறைக்கப் போவதில்லை. நீலத் தொப்பிக்காரர்களை ஒரே ஒரு தடவை வேலிக்கு அந்தப் பக்கம் லாரியில் போகும்போது பார்த்தேன். எங்களுக்குப் பயிற்சி பதினைந்தே நாள். அங்கியின் முன்பக்கம் இரும்புத் தகடு இருந்தது, முதுகுப் பக்கம் காலி. கம்பளியை மடித்து வைத்துக்கொண்டேன். இருட்டில் பார்க்கிற கண்ணாடியை ஒருவன் விளக்கிக் காட்டினான், திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான். துப்பாக்கி என் அப்பா வயது. கிடங்கு என்று ஒன்றும் இல்லை. முதல் வரிசைக்கும் முன்னால், எங்கிருந்து சுடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக எங்களை நடக்க விட்டார்கள். "படு" என்று ருஷ்ய மொழியில் கத்தினார்கள். எல்லாரும் படுத்தார்கள், எங்கள் ஆட்கள் திருதிருவென்று நின்றார்கள். பதினான்கு பேர் போனோம், மூன்று பேர் நடந்து திரும்பினோம். எனக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதனால்தான் இடது கை.

அந்த "படு" என்கிற வார்த்தையைக் கற்றுக்கொண்டதால் என்னை இங்கே மொழிபெயர்ப்பாளனாக வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் நம் பையன்களுக்குப் படு, ஓடு, குனி, சுடு என்று சொல்லித்தருவது என் வேலை. பெரிய பயிற்சி என்று உனக்கு எழுதினேனே, அது இப்போது நான்தான்.

ஹிரா எங்கே என்று உடனே எழுது.

ஓம்ஜங்


பேனி
2023 நவம்பர் 24

ஸ்மிர்தி அப்பாவுக்கு,

இரண்டு விரல். அதை ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்ட ஒரு நாள் ஆயிற்று.

ஹிரா அங்கேதான் இருக்கிறான். அந்த மாலை அவனுக்குத்தான், கேம்ராஜ் பிரித்துக் கொடுப்பான் என்று ஒரே பையில் வைத்தேன். அக்டோபர் 12ஆம் தேதி கிளம்பினான். காட்மாண்டு ஜீப்புக்கு டிக்கெட்டை என் கையால்தான் கிழித்துக் கொடுத்தேன். மாஸ்கோவில் கேம்ராஜ் அறையில் இரண்டு நாள் இருந்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். காகித வேலை முடியும்வரை ஏதோ பள்ளிக்கூடக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்களாம். "மச்சான்கிட்ட சொல்லிடாதக்கா, ஒரு நாள் திடீர்னு போயி முன்னாடி நின்னு சல்யூட் அடிப்பேன்" என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினான்.

அவன் ஏஜென்ட் பேச்சைக் கேட்டுப் போகவில்லை. ஏஜென்ட் சொன்னால் சிரிப்பான். மச்சான் எழுதினால் நம்புவான். நீங்கள் எழுதிய மூன்று பக்கம்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. இதை எழுத எனக்குக் கை கூசவில்லை, அவ்வளவு கோபம்.

ஆனால் என்னையும் சொல்ல வேண்டும். நான் தடுத்திருந்தால் நின்றிருப்பான். கோணல் எழுத்தைப் பார்த்த நாளிலிருந்து உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. நம் ஆள் ஒருவன் பக்கத்தில் இருந்தால் உங்களைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். பட்டாளம் என்றால் பட்டாளம்தானே, லீவு தருவார்கள், உறவுக்காரன் என்றால் ஒரே இடத்தில் போடுவார்கள் என்று நினைத்தேன். தலைமுறை தலைமுறையாக லாகூரே வீட்டுப் பெண்கள் நினைப்பது அதுதானே.

அவனைக் கண்டுபிடியுங்கள். அம்மா அப்பா இல்லாத பிள்ளையை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன்.

நர்மாயா


முகாம்
2023 டிசம்பர் 12

அன்புள்ள நர்மாயா,

நீயும் குழந்தையும் நலமா? உன் தம்பி நலம். நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. நேற்று மதியம் பஸ் வந்தது, இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். மூன்றாவது ஆள் ஹிரா. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாகச் சல்யூட் அடித்தான்.

"என்ன மச்சான், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? வரவேற்புக்கு மாலை கீலை ஒண்ணும் இல்லையா?"

என் பையில் அவன் மாலை இருந்தது. போட்டுவிட்டேன். பாய்டீக்கா முடிந்து ஒரு மாதம் ஆகிறது, ஆனாலும் போட்டேன். அக்காவின் புருஷன் போட்டால் அதற்குப் பலன் உண்டா, எனக்குத் தெரியவில்லை.

தனியாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையைக் காட்டினேன். தகடு இல்லாத அங்கியைக் கொடுத்து முதுகைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். சிரிக்கிறான்.

"உனக்கு ரெண்டு வெரல் போச்சு, சரி. அதுக்காக நான் ஊருக்குத் திரும்பிப் போயி அக்கா பக்கத்துல உக்காந்து டிக்கெட் கிழிக்கணுமா? லெட்டர்ல ஒண்ணு எழுதுற, நேர்ல ஒண்ணு சொல்ற. எதத்தான் நம்புறது?"

"நேர்ல சொல்றத நம்புடா."

"நீ மட்டுமே லாகூரேவா இருக்கணும், அதானே?"

என் பொய்யை மலை மாதிரி நம்பினான். உண்மையைச் சொன்னால் பொறாமை என்கிறான்.

இங்கத்திய அதிகாரியிடம் அவன் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டேன். ஒப்பந்தம் ரத்தாவதில்லை, நடக்க முடிகிறவன் எல்லாரும் போக வேண்டும், தலைக்கணக்கு குறையக் கூடாது என்று சொல்லிவிட்டார். இருபத்தேழாம் தேதி காலை லாரி கிளம்புகிறது. நடுவில் பதினைந்து நாள். தினமும் காலையில் உன் தம்பிக்கு "படு" என்று சொல்லித்தருகிறேன். நன்றாகத்தான் படுக்கிறான், எல்லாரையும் விட வேகமாக.

உன்
ஓம்ஜங்


பேனி
2023 டிசம்பர் 19

ஸ்மிர்தி அப்பாவுக்கு,

வணக்கம். குழந்தை சுகம். நான் சுகமாக இல்லை, சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை.

எட்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது ஐந்து நாளோ நான்கு நாளோ. கேம்ராஜிடம் அழுதேன். அங்கே தூதரகத்தில் கேட்டானாம். மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தால் ஊருக்கு அனுப்பக் காகிதம் தருவார்கள், முகாமுக்குள் இருப்பவனை ஒன்றும் செய்ய முடியாது என்றார்களாம்.

நீங்கள் ஏதாவது செய்யுங்கள். என்ன செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். அவன் என்னோடு ஆயுசுக்கும் பேசாமல் போனாலும் சரி, உங்களோடு பேசாமல் போனாலும் சரி. உயிரோடு இந்த வாசலுக்கு வந்தால் போதும்.

நர்மாயா


முகாம்
2023 டிசம்பர் 26

அன்புள்ள நர்மாயா,

எல்லாரும் நலந்தானே? உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நல்ல செய்திதான்.

நேற்று லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது பின்கதவு விழுந்து ஹிராவுக்குக் கணுக்கால் உடைந்துவிட்டது. இரும்புக் கதவு, நல்ல கனம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே காவல் கிடையாது. கட்டுப் போட்டதும் கேம்ராஜ் காரோடு போய் அவனைத் தன் அறைக்குக் கூட்டி வந்துவிடுவான், பிறகு தூதரகம். எல்லாம் பேசியாகிவிட்டது. அவன் என்னோடு பேசவில்லை. வலி, கோபம். வந்தவுடன் அவனை எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

எனக்குக் கொஞ்ச நாள் எழுத நேரம் இருக்காது. காலுறை கதகதப்பாக இருக்கிறது. குழந்தையைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, மழை என்று நிறுத்தாதே. உனக்கு என்மேல் கோபம் இருந்தால் அது நியாயந்தான். நான் அந்த முதல் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாது.

உன்
ஓம்ஜங்


பேனி
2024 மார்ச் 2

ஸ்மிர்தி அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் ஹிராவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு இது நான்காவது கடிதம். முதல் மூன்றும் கேம்ராஜ் மேஜையில் கிடக்கின்றன. ரொட்டி வண்டிக்காரர் உங்கள் பெயரைச் சொன்னால் இல்லையென்று தலையை ஆட்டுகிறாராம். இதையும் அங்கே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஹிரா பத்து நாளுக்கு முன்னால் வந்தான். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினான். பஜாரே கூடிவிட்டது. நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன். நான்காம் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்.

"அக்கா, கதவு தானா விழல. மச்சான்தான் கொக்கியக் கழட்டினாரு. என்னக் கீழ நிக்கச் சொல்லிட்டு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கழட்டினாரு. அந்த ரெண்டு வெரல் இல்லாத கையால. நான் கத்துறேன், அவரு அழுவுறாரு. ஆஸ்பத்திரி வண்டியில ஏத்துறப்ப காரித் துப்பிட்டேங்கா அவர் மேல. தொடச்சிக்கக்கூட இல்ல."

பிறகு, அதே ஆஸ்பத்திரிக்கு வந்த வேறொரு பையன் சொன்னதைச் சொன்னான். இருபத்தேழாம் தேதி காலை லாரியில் ஏற்றும்போது கணக்கில் ஒரு தலை குறைந்ததாம். அதிகாரி பட்டியலை உங்களிடம் நீட்டி, புது ஆட்களில் யாராவது ஒருவன் பெயரைச் சேர்க்கச் சொன்னாராம். அந்த வாரம் வந்த முப்பது பையன்கள் வெளியே ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்களாம். நீங்கள் ஹிராவின் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினீர்களாம். எழுதி முடிக்க அவ்வளவு நேரமா என்று அதிகாரி திட்டினாராம்.

ஹிரா அதைச் சொன்னதிலிருந்து வீட்டில் இருப்பதில்லை. உங்கள் படத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டு காட்மாண்டுவில் அமைச்சகத்து வாசலில் நிற்கிறான். கட்டையோடு நாள் முழுக்க நிற்கிறான். ஒவ்வோர் அதிகாரியிடமும், "என் மச்சானைத் திருப்பிக் குடுங்க, அவருக்குத் துப்பாக்கி பிடிக்க வெரல் கிடையாது" என்கிறானாம். எழுதிக்கொடுத்துவிட்டுப் போ என்கிறார்களாம். எழுதிக்கொடுத்துவிட்டு மறுநாளும் போகிறான்.

எல்லாரும் என்னிடம், உன் தம்பி பிழைத்து வந்தானே, அதுவே பெரிது என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதுவது ஏமாற்று வேலை. உன் தம்பியா நானா, இரண்டில் ஒருத்தர்தான் என்று என்னை நீங்கள் ஒரு வரி கேட்டிருக்கலாம். ரொட்டி வண்டிக்கு நேரம் இருந்தது. நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தம்பியை ஊருக்கு அனுப்புங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி ஒரு கடிதத்தை எழுதிவிட்டு நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்பதும் தெரிந்திருக்கிறது.

இப்படிக்கு
உங்கள் மனைவி
நர்மாயா